வேகவைத்த குப்பி

இரண்டு வருடம் அந்தப் புரதம் ஒன்றுமே செய்யவில்லை. ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை திடீரென்று வேலை செய்ய ஆரம்பித்தது. அன்று நிலையத்தில் எல்லோரும் கறி வைத்துச் சுட்ட எம்பனாடா தின்றோம். நான் நான்கு தின்றேன். இப்போது நினைத்தால் அந்த நான்கும் நெஞ்சிலேயே நிற்கின்றன.

துக்குமானில் உள்ள அந்த ஆராய்ச்சி நிலையத்தில் நான் கண்ணாடிச் சாமான் கழுவுகிறவன். பெயர் எவாரிஸ்தோ லெதெஸ்மா. அங்கே முப்பத்தோரு வருடம், அதற்கு முன் ஆஸ்பத்திரியில் ஒன்பது வருடம். நான்காம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் போனதில்லை. படித்தவர்கள் சொல்வதை அப்படியே விழுங்குகிற பழக்கமும் எனக்கு இல்லை. நான் வந்த நாளிலிருந்து ஏழு டைரக்டர்களைப் பார்த்துவிட்டேன். ஒவ்வொருவரும் முந்தியவர் ஒட்டிய விதிமுறைத் தாளைக் கிழித்துவிட்டுத் தன் தாளைச் சுவரில் ஒட்டுவார். எந்தத் தாளை நம்புவது?

அந்தப் புரதம் டாக்டர் யனினா அப்ரேகுவுடையது. முப்பத்தாறு வயது, பக்கத்து ஊர் ஃபமைய்யாக்காரி. மனித ரத்தத்தில் ஓடும் வெள்ளை அணு, ஏதோ ஆபத்து என்று தெரிந்தால் மற்ற அணுக்களுக்குச் சொல்லியனுப்ப ஒரு புரதத்தை வெளியே விடுமாம். அதை ரத்தத்திலிருந்து எடுப்பதென்றால் ஊரையே பிழிந்தாலும் ஒரு துளி தேறாது. அதனால் அதைச் செய்யும் குறிப்பைப் பாக்டீரியாவுக்குள் நுழைத்து, பாக்டீரியாவையே சமைக்க வைப்பாள். பிறகு பாக்டீரியாவை உடைத்து, அழுக்கையெல்லாம் நீக்கி, புரதத்தை மட்டும் வடித்துக் குப்பியில் உலர்த்துவாள். மருந்து இல்லை அது. யாருக்கும் ஊசி போடக் கூடாது. மற்ற ஆராய்ச்சிக்கூடங்கள் சோதனைக்கு வாங்கும் சரக்கு. குப்பியைத் தூக்கிப் பார்த்தால் காலி என்றுதான் தோன்றும். அடியில் மூச்சுப் பட்ட கண்ணாடி மாதிரி ஒரு மங்கல் இருக்கும், அவ்வளவுதான்.

யனினாவின் ஒப்பந்தம் ஆறு வருடத்துக்கு. செப்டம்பர் முதல் வியாழக்கிழமை கமிட்டி கூடும். புரதம் வேலை செய்கிறது என்று காட்டினால் நிரந்தர இடம். இல்லாவிட்டால் மேசையைக் காலி செய்ய வேண்டும். அந்த வயதில் அந்த வேலைக்கு இந்த மாகாணத்தில் வேறு கதவு கிடையாது. அது அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

இனி என் வேலையைச் சொல்கிறேன். பாட்டில்களைக் கழுவி, அலசி, ஆட்டோகிளேவில் நீராவியில் அவித்து, வாயை அலுமினியத் தாளால் மூடி, அதன் பிறகு உலர் அடுப்பில் இருநூற்றைம்பது டிகிரியில் இரண்டு மணி நேரம் சுட வேண்டும். பதிவேட்டில் தேதி போட்டு எழுத வேண்டும். அவித்த பிறகு எதற்குச் சுடுவது என்று யனினாவிடமே ஒருமுறை கேட்டேன். வயசுக்கு மரியாதையாக என்னை அவள் 'தோன்' போட்டுத்தான் கூப்பிடுவாள்.

"ஆட்டோகிளேவ் பாக்டீரியாவக் கொன்னுரும், தோன் எவாரிஸ்தோ. ஆனா அதோட தோலு கண்ணாடியில அப்படியே ஒட்டிக்கிட்டுக் கெடக்கும். வெள்ளை அணுவுக்கு அந்தத் தோலு ஒரு துணுக்கு பட்டாப் போதும், வெறி புடிச்சு எந்திரிச்சிரும். அப்புறம் எம் புரதம் எழுப்புச்சா, செத்த தோலு எழுப்புச்சான்னு எப்படித் தெரியும்? எரிச்சாத்தான் போவும்."

"செத்தது செத்ததுதான டாக்டரம்மா. செத்தவன் தோலு எந்திரிச்சு வந்து யாரக் கடிக்கப் போவுது?"

சிரித்தாள். நான் நம்பவில்லை. ஆஸ்பத்திரியில் காசநோயாளி துப்பிய கிண்ணத்தை அவித்தவன் நான். ஆட்டோகிளேவுக்குத் தப்பியது என்று ஒன்றை நான் பார்த்ததே இல்லை.

மார்ச்சில் வெயில் கொளுத்தியது. மாடி முழுக்க ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தபோது நான் அடுப்பைப் போட்டேன். மெயின் விழுந்துவிட்டது. அதோடு பெரிய ஃப்ரீசரும் நின்றது. அன்று வெள்ளிக்கிழமை, திங்கள் காலை வரை யாரும் பார்க்கவில்லை. ஐந்து பேருடைய சரக்கு உருகித் தண்ணீராகிவிட்டது.

டைரக்டர் சந்திலியான் கழுவும் அறைக்கே வந்தார். "எலக்ட்ரீஷியன் வர்றப்ப வருவான். அதுவரைக்கும் இன்னொரு தடவ மெயின் விழுந்துச்சு, நீ வீட்டுக்குப் போயிரு எவாரிஸ்தோ. பென்ஷன் கின்ஷன்னு வந்து நிக்காத."

"அப்ப அடுப்பப் போட வேணாமா சார்?"

"அது உன் பாடு. மெயின் விழக் கூடாது."

இப்படித்தான் பேசுவார். போடாதே என்று வாயால் சொல்லமாட்டார். சொன்னால் அவர் பொறுப்பாகிவிடும் இல்லையா? ஓய்வு பெற எனக்கு ஒன்பது மாதம் இருந்தது. நான் அடுப்பை அணைத்தேன். அவித்த பாட்டிலுக்கு அலுமினியத் தாளைச் சுற்றி அலமாரியில் வைத்தேன். சுட்டதும் சுடாததும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுதான். பதிவேட்டில் இருநூற்றைம்பது, இரண்டு மணி நேரம் என்று எழுதினேன். மே மாதம் குளிர் வந்து ஏ.சி.யெல்லாம் நின்றது. அப்போது அடுப்பைப் போட்டிருக்கலாம். போடவில்லை. தினமும் இரண்டு மணி நேரம் மிச்சமானது பழகிப்போய்விட்டது. இதற்கு டைரக்டரைக் குற்றம் சொல்ல முடியாது.

ஏப்ரலில் நடந்தது இதுதான். பிளாஸ்டிக் தட்டில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். குழிக்குள் வெள்ளை அணுக்கள். விழித்துக்கொண்டால் கடைசியில் மஞ்சள் நிறம் வரும். இரண்டு வருடம் அந்தத் தட்டு தண்ணீர் போலவே கிடந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை முட்டைக் கரு மாதிரி மஞ்சள். யனினா தட்டை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு கழுவும் அறை வரைக்கும் ஓடிவந்தாள்.

"பாருங்க தோன் எவாரிஸ்தோ! எந்திரிச்சிருச்சு! மடிக்கிற முறைய மாத்துனேன்ல, அதான்! இத்தன நாளும் தப்பா மடிஞ்சு கெடந்திருக்கு!"

புரதம் நூல் மாதிரியாம், சரியான உருவத்தில் மடிந்தால்தான் வேலை செய்யுமாம். பிப்ரவரியில் அவள் தன் செய்முறையில் அதை மடிக்கிற படியை மாற்றியிருந்தாள். அதனால்தான் என்று அவள் நினைத்தாள், எல்லோரும் நினைத்தார்கள். செத்த பாக்டீரியாவின் தோல் இருக்கிறதா என்று சோதிக்கிற சரக்கு வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். அது ஜனவரியிலிருந்து புவெனஸ் ஐரெஸ் சுங்கத்தில் கிடந்தது. முந்தைய இரண்டு வருடமும் அந்தச் சோதனையில் எல்லாம் சுத்தமாக வந்திருந்ததால் யாரும் அதற்காகக் காத்திருக்கவில்லை. டைரக்டர் குப்பிகளுக்கு லேபிள் அடித்தார். மொன்தெவிதேயோ, சந்தியாகோ, பெலோ ஓரிசோன்தே, லா பிளாத்தா என்று நான்கு ஊர்களில் உள்ள ஆராய்ச்சிக்கூடங்களுக்கு உலர்பனியில் வைத்து அனுப்பினார். பெட்டி கட்டியது நான்தான்.

ஆகஸ்ட் நடுவில் மொன்தெவிதேயோவிலிருந்து ஒரு அம்மாள் போன் செய்தாள். யனினா அப்போது கழுவும் அறையில் என் மாத்தேக் கஷாயத்தைக் குழல் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தாள். குழலை வாயிலிருந்து எடுக்காமலே கேட்டுக்கொண்டிருந்தவள், எடுத்துவிட்டாள்.

"என்னவாம்?" என்றேன்.

"நீங்க அத வேகவெச்சுப் பாத்தீங்களான்னு கேக்குறாங்க."

"புரதத்தையா? எதுக்கு?"

"வெந்த முட்டையில குஞ்சு பொரியாதுல்ல? அந்த மாதிரி. புரதத்தக் கொதிக்க வெச்சா அது செத்துப்போயிரும், எதையும் எழுப்பாது. ஆனா பாக்டீரியாத் தோலு கொதிக்க வெச்சாலும் சாவாது. வெந்த பிறகும் அணு எந்திரிச்சா..." நிறுத்திவிட்டாள். "நாந்தான் முதல்லயே பாத்திருக்கணும். சந்தோஷத்துல விட்டுட்டேன்."

யனினாவின் அறையில் வெந்நீர்த் தொட்டி கெட்டுக் கிடந்தது. என் அறையிலேயே வைத்தாள். கொதிக்கிற தண்ணீரில் மிதவையில் செருகிய ஒரு குட்டிக் குப்பி. தரை துடைக்கும் சுலேமா வாளியோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன டாக்டரம்மா, கிழவன்கூடச் சேந்து சூப்பு வெக்கிறீங்களா? உப்பு அவன் கையில குடுத்துறாதீங்க, அவனுக்குப் பிரஷர்."

"ஒனக்கும் ஒரு கரண்டி ஊத்துறேன், இரு" என்றாள் யனினா. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் கண் கடிகாரத்தை விட்டு நகரவில்லை. பத்து நிமிடம் ஆனதும் வெளியே எடுத்தாள். உள்ளே இருந்த நீர் மோர் மாதிரி திரிந்திருந்தது. "செத்துருச்சு" என்றாள். அதைப் பார்த்து அவள் முகம் தெளிந்தது.

அடுத்த நாள் பகல் பதினொரு மணிக்கு நான் பாட்டில் எடுக்க அவள் அறைக்குப் போனேன். தட்டு மேசை மேல் இருந்தது. வேகாத புரதம் ஒரு வரிசை, வெந்த புரதம் ஒரு வரிசை. இரண்டும் மஞ்சள். ஒரே மஞ்சள். எது எந்த வரிசை என்று எழுதிவைக்காவிட்டால் அவளாலேயே சொல்ல முடியாது.

டைரக்டர் பக்கத்தில் நின்றார். நான் வந்ததைக் கண்டுகொள்ளவில்லை. பாட்டில் எடுக்கிறவன் முன்னால் அவர்கள் எதையும் மறைப்பதில்லை.

"கமிட்டிக்கு இன்னும் பதினாறு நாள்தான்" என்றார். "அந்த மொன்தெவிதேயோப் பொம்பள போன்லதான கேட்டா? எழுத்துல எதுவும் இல்லல்ல? இடம் கையில வரட்டும் யனினா. அப்புறம் ஆற அமரப் பாத்து, திருத்தம் ஒண்ணு போட்டுக்கலாம். நானும் கையெழுத்துப் போடுறேன்."

அவள் தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வாயை மூடிக்கொள்வாள் என்றுதான் நினைத்தேன். நாற்பது வருடத்தில் வாயை மூடிக்கொள்ளாத படித்தவரை நான் கண்டதில்லை.

மத்தியானம் அவளே என் அறைக்கு வந்தாள். பதிவேட்டைக் கேட்டாள். மார்ச்சிலிருந்து பக்கம் பக்கமாகப் புரட்டினாள்.

"கோச்சுக்காதீங்க, கேக்க வேண்டியிருக்கு. எல்லாப் பாட்டிலும் அடுப்புக்குப் போச்சா?"

"போச்சு" என்றேன்.

"ஒரு நாள்கூட விடலயே?"

"பதிவேட்டுல இருக்குல்ல, டாக்டரம்மா."

"இருக்கு. நீங்க எழுதுனா சரியாத்தான் இருக்கும்." பதிவேட்டை மூடி, இருந்த இடத்திலேயே வைத்தாள். "அப்ப எங்கிட்டதான் எங்கயோ ஓட்ட."

அவள் போன பிறகு சுலேமா வாசலில் நின்று என்னையே பார்த்தாள். "ஏன் கிழவா, மூஞ்சி இப்படி வேத்துக் கொட்டுது? ஆகஸ்ட் குளிர்ல?"

"நீ போய் ஒன் வேலயப் பாரு."

என் மூளை மெதுவாகத்தான் ஓடும், ஆனால் அன்று ஓடியது. தோலை நீக்குகிற படி அவள் செய்முறையிலேயே இருந்தது. அந்தப் படி முடிந்து சுத்தமாக வடிவது எதில்? என் பாட்டிலில். கடைசி அலசலுக்கு நான் ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர்க் கேனின் உள்பக்கம் விரலை வைத்தால் வழுக்கும். வருடக்கணக்காக வழுக்கும், அது பாக்டீரியாப் பாசி. அவித்தால் செத்துவிடும் என்று விட்டிருந்தேன்.

சொல்லியிருக்க வேண்டும். பென்ஷனுக்கு இன்னும் நான்கு மாதம். நான் வேறு வழி பார்த்தேன். கேனைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதுசு வைத்தேன். இருந்த பாட்டில் அத்தனையையும் திரும்பக் கழுவி, அவித்து, அடுப்பில் இரண்டு மணி நேரத்துக்குப் பதிலாக நான்கு மணி நேரம் சுட்டேன். மெயின் விழவில்லை. அவள் புதிதாக ஒரு ஈடு புரதம் செய்யப்போவதாகச் சொல்லியிருந்தாள். சுத்தமான பாட்டிலில் சுத்தமான புரதம் வடியும், வேகாதது எழுப்பும், வெந்தது எழுப்பாது, கமிட்டியில் தலை நிமிர்ந்து காட்டுவாள், என் காரியமும் யாருக்கும் தெரியாமல் சரியாகிவிடும். இதுதான் என் கணக்கு.

ஐந்து நாளில் ஈடு தயாரானது. தட்டில் மஞ்சள் வரவில்லை. வெந்ததிலும் இல்லை, வேகாததிலும் இல்லை.

அவள் இன்னொரு ஈடு வைத்தாள். இந்த முறை அளவை இரண்டு மடங்கு ஆக்கினாள், பத்து மடங்கு ஆக்கினாள். தட்டு வெறும் தண்ணீராகவே கிடந்தது. அந்த நாட்களில் அவள் சாப்பிட்டதை நான் பார்க்கவில்லை. அவள் அறையில் ஏப்ரலிலிருந்து எழுதிய நோட்டுகள் தரையெல்லாம் விரிந்து கிடந்தன. கமிட்டிக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை பாட்டில் கொண்டுபோனபோது நோட்டுகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏப்ரல்ல என்னமோ ஒண்ண நான் சரியாப் பண்ணியிருக்கேன், தோன் எவாரிஸ்தோ. அது என்னன்னு தெரியல. முக்காவாசி தோலுன்னே வெச்சுக்குவோம். ஆனா கொஞ்சமாவது புரதமும் எழுப்பியிருக்கும்ல? அந்தக் கொஞ்சத்த இப்பக் காணோம். எங் கையிலிருந்து எங்கயோ தவறிப் போயிருச்சு. அதக் கண்டுபுடிச்சிட்டாப் போதும். வியாழக்கிழமைக்குள்ள முடியாட்டியும், ஆறு மாசம் கேப்பேன். காரணம் இருக்குன்னு தெரிஞ்சாக் குடுப்பாங்க."

கூடையைக் கீழே வைத்தேன். "நீங்க ஒண்ணும் தவற விடல" என்றேன்.

"தெரியாமப் பேசாதீங்க."

"தெரிஞ்சுதான் பேசுறேன். மார்ச்சுல மெயின் விழுந்ததுலேந்து நான் அடுப்பே போடல. அவிச்சு, தாளச் சுத்தி வெச்சேன். பதிவேட்டுல எழுதுனது பொய். நீங்க வந்து கேட்டப்ப சொன்னதும் பொய். நீங்க கேட்டுட்டுப் போன பெறகுதான் திரும்பப் போட ஆரம்பிச்சேன். இந்த ரெண்டு ஈடும் சுட்ட பாட்டில்."

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவள் நோட்டுகளைப் பார்த்தாள். மார்ச்சுக்கு முந்தைய நோட்டு எங்கே என்று தேடினாள். அலமாரிக்கு அடியில் கிடந்ததை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"மார்ச்சுக்கு முன்னாடி எல்லாம் சுட்டீங்க?"

"ரெண்டு வருசமும் சுட்டேன். சத்தியமா."

"அப்ப அந்த ரெண்டு வருசம்தான் நெசம்" என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. சொன்னால் அவளுக்கு ஏதாவது கிடைக்கும் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். தப்பு அவளுடையது இல்லை என்று ஒரு ஆறுதல், கமிட்டியிடம் சொல்ல ஒரு காரணம்.

"இந்தப் புரதம் எதையும் எழுப்பாது, தோன் எவாரிஸ்தோ. எப்பவுமே எழுப்பல. மடிச்சதும் மாத்துனதும் ஒண்ணுமில்ல. சுட்டப்ப எழுப்பல, சுடாதப்ப எழுப்புச்சு, திரும்பச் சுட்டா எழுப்பல." விரல் விட்டு எண்ணினாள். "நான் தேடுற கொஞ்சம்னு ஒண்ணு கெடையவே கெடையாது."

காலையில்கூட அவளிடம் ஆறு மாதத்துக்கான நம்பிக்கை இருந்தது. அதை நான் கூடையோடு வந்து எடுத்துக்கொண்டேன்.

"டைரக்டருகிட்ட நானே போய்ச் சொல்றேன்" என்றேன். "அந்தாளு என்ன வேணாப் பண்ணட்டும்."

"வேணாம். அவரு ஒங்களத் தூக்குவாரு, அப்புறம் கமிட்டியில ஒங்களக் காரணம் காட்டி எனக்கு ஆறு மாசம் வாங்கித் தரேன்னுவாரு. எதுக்கு ஆறு மாசம்? எதத் தேட?"

எழுந்து முகத்தைக் கழுவிவிட்டு வந்தாள். ஒரு தாளில் நிரந்தர இடத்துக்கான விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவதாக எழுதி, எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். மேலே டைரக்டரின் குரல் கீழ்த்தளம் வரை கேட்டது. "பைத்தியக்காரி! வியாழக்கிழம முடியட்டும்னு எத்தன தடவ சொன்னேன்! நிலையத்துப் பேரு என்னாவும்?" அவள் குரல் கேட்கவே இல்லை. திரும்பி வந்து குப்பி போன ஊர்களின் பட்டியலையும் போனையும் எடுத்து மேசையில் வைத்தாள். நான் போகாமல் நின்றேன். போகச் சொல்லவில்லை.

முதலில் மொன்தெவிதேயோ. போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையிலேயே வைத்துப் பேசினாள், அதனால் எனக்கும் கேட்டது.

"நீங்க கேட்டது சரிதாங்க. வெந்த பிறகும் எழுப்புது. கண்ணாடியில பாக்டீரியாத் தோலு. ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரைக்கும் அனுப்புன எல்லாக் குப்பியும் தப்பு. பயன்படுத்தாதீங்க."

அந்த அம்மாள், "எங்ககிட்ட ஒரு பொண்ணு மே மாசத்துலேந்து அத வெச்சுத்தான் பண்ணிக்கிட்டிருக்கா" என்றாள். "எலியில. நாப்பது எலி கொன்னிருக்கா. டிசம்பர்ல பட்டத்துக்குக் குடுக்கணும்."

"அவங்ககிட்ட நான் பேசவா?"

"வேணாம். நானே சொல்லிக்கிறேன்." பிறகு, "யாரு கண்ணாடி அது?" என்று கேட்டாள்.

"என்னோட கண்ணாடி" என்றாள் யனினா. "ஒப்பிட்டுப் பாக்குற, புரதம் போடாத குழியில கடையில வாங்குன பிளாஸ்டிக் பாட்டில் நீர ஊத்துனதும் நாந்தான். அதே கண்ணாடியிலேந்து ஊத்தியிருந்தா ஏப்ரல்லயே தெரிஞ்சிருக்கும். ரெண்டும் எந் தப்பு."

போனை வைத்தாள். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை.

"ஏன் பொய் சொல்றீங்க? எம் பேரச் சொல்லுங்க. எவாரிஸ்தோ லெதெஸ்மான்னு ஒருத்தன் அடுப்பப் போடாம ஏமாத்துனான்னு சொல்லுங்க. எனக்கு யாரும் பாவம் பாக்க வேணாம்."

"பாவம் பாக்கல" என்றாள். அப்போதுதான் அன்று முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் மன்னிப்பு ஒன்றும் இல்லை. "ஆறு வருசம் நாங்க எழுதுன எந்தக் கட்டுரையிலயும் ஒங்க பேரு இல்ல, தோன் எவாரிஸ்தோ. நீங்க யாருன்னே அவங்களுக்குத் தெரியாது. இப்பச் சொன்னா அந்தப் பேர வெச்சுக்கிட்டு அவங்க என்ன பண்ணுவாங்க?"

பட்டியலில் அடுத்த எண்ணை விரலால் தடவிப் பார்த்து அழுத்தினாள். சந்தியாகோ. மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. வைத்துவிட்டு மறுபடி அழுத்தினாள்.